சுவருக்குள் நிற்பவன்

அத்தியாயம் 7

"அங்கன வந்து சிரிச்சுராத" என்று பைக்கில் வரும்போதே சுகந்தி இரண்டு தடவை சொல்லியிருந்தாள். காஜாவும் சிரிக்கக் கூடாது என்ற முடிவோடுதான் வந்தான். ஆனால் சுவருக்கு அடியில் வரிசையாகத் தெரிந்த அந்தப் பத்து விரல்களைப் பார்த்ததும் அவனால் முடியவில்லை.

"யக்கா, சுவத்துக்குள்ள ஒருத்தன் நிக்கான்."

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கும் சாரல்புதூர் பேரூராட்சியில், மெயின் ரோட்டிலிருந்து பிரியும் பாவடிச் சந்தின் வாயை அடைத்துக்கொண்டு ஏழடி உயரத்தில் நின்றது அந்தச் சுவர். சந்தின் சிமெண்ட் தரையில், சுவரை ஒட்டி, வெள்ளைப் பெயிண்டில் அரை வட்டம். அதற்குள் இரண்டு பாதங்களின் முன்பாதி மட்டும். விரல்கள் எதிரே இருந்த ரேஷன் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தன. குதிகால்களைக் காணோம்.

"கொரோனா முதல் ஊரடங்குல ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நிக்கப் போட்ட வட்டம்" என்றாள் சுகந்தி. "ரெண்டாயிரத்து இருபது ஏப்ரல்ல ஊர் பூரா போட்டாவ. வண்டிச் சக்கரம் படுற இடத்துல எல்லாம் அழிஞ்சு போச்சு. இங்கன சுவத்து ஓரமா இருக்கப் போய் தப்பிச்சிருக்கு."

"பெயிண்டர் பாதியில சம்பளத்த நிறுத்திட்டாவன்னு போயிருப்பானோ?"

"பாதி மனுசன் எந்த ரேஷன் கடையில காஜா வரிசையில நிப்பான்?"

 சுகந்தி பதினெட்டு வருடம் ஒரு சர்வேயர் ஆபீசில் மனை வரைபடம் போட்டவள். ஊரடங்கில் அந்த ஆபீஸ் மூடியது. தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் 'சுகந்தி துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டினாள். அவளைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் தொலைந்த பத்திரத்துக்காகவோ தொலைந்த மாப்பிள்ளைக்காகவோ வருவார்கள். பத்திரம் கிடைத்துவிடும். காஜா சவுதியில் தம்மாம் நகரத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து, கொரோனாவில் விமானம் ஏற்றி அனுப்பப்பட்டவன். குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் பதினான்கு நாள் தனிமையில் வைத்தார்கள். ஜன்னல் வழியே அருவி கொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வாளித் தண்ணீரில் குளித்தவன் என்பதால், அரசாங்கத்தின் மேல் அவனுக்கு ஒரு தனி அபிப்பிராயம் உண்டு.

விவகாரம் இதுதான். சந்துக்குள் பதினொரு வீடுகள். வண்டி போக ஒரே வழி இந்த வாய். அதில் சுவர். சந்துக்காரர்கள் முன்பு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்குப் பேரூராட்சி எழுதிய பதில் சுகந்தியின் பையில் இருந்தது: "மேற்படி சுவர் 2018ஆம் ஆண்டு முதல் அருகிலுள்ள தங்கும் விடுதி உரிமையாளருக்குப் பாத்தியப்பட்டது. அவ்விடத்தில் தெரு இருந்ததற்கான முகாந்திரம் இல்லை." நாளை வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் புதிய மன்றம் கூடி, ஊரடங்குக் காலத்தில் தயாரித்த தெருப் பட்டியலை அங்கீகரிக்கப் போகிறது. அந்தப் பட்டியலில் பாவடிச் சந்து இல்லை.

"பட்டியல் நாளைக்குப் பாஸ் ஆயிட்டுன்னா?" என்றான் காஜா.

"பிறகு சந்துன்னு ஒண்ணு எங்கயும் கிடையாது. இல்லாத சந்துல சுவர் இருந்தா யாரு கேப்பா?"

*

சந்துக்குள் போக வாய்க்கால் கரையைச் சுற்றினார்கள். நானூற்று அறுபது அடிகள் என்று காஜா எண்ணினான். சாரல் பெய்து கரை வழுக்கியது. இந்தக் கரையில்தான் ஜாஹிரா பீவி, வாரம் இரண்டு நாள், தன் கணவர் முகம்மது சலீமைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கூலிக்கு இரண்டு ஆள் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறாள். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்குத் தென்காசி ஆஸ்பத்திரியில் அவருக்கு டயாலிசிஸ். போன வாரம் தூக்கியவன் கால் வழுக்கி, நாற்காலியோடு சலீம் வாய்க்காலில் விழுந்தார். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது. அன்றைக்குத்தான் ஜாஹிரா பீவி துப்பறியும் நிலையத்தின் மாடிப்படி ஏறினாள்.

"நீ அங்கன நின்னு சிரிச்சது இங்கன கேட்டுச்சு" என்றாள் அவள், காஜாவைப் பார்த்து.

காஜாவுக்கு முகம் சுண்டிப்போனது. "மாமி, அது வந்து..."

"சிரிக்கட்டும் விடு" என்றார் வாசலில் உட்கார்ந்திருந்த சலீம். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. "ரெண்டு வருசமா இந்த சுவத்தப் பாத்து யாருமே சிரிக்கல. அதுக்கே சங்கடமா இருந்திருக்கும்."

சுகந்தி நேராகக் கேட்டாள். "சுவர் கட்டினத யாராவது பாத்தியளா?"

"எப்படிம்மா பாக்க? எம் மவன் முஃபீத் ஷார்ஜாவுல இருந்து வந்தான். டெஸ்டு எடுத்தாவ, இருக்குன்னுட்டாவ. ஜூலை எட்டாம் தேதி சந்த தகரம் வச்சு அடைச்சாவ. பதினாலு நாளைக்கு யாரும் கதவ திறக்கக் கூடாதுன்னு மைக்குல சொல்லிட்டுப் போனாவ. ஒருநாள் சந்து வாயில சாந்துச் சட்டியும் கரண்டியும் உரசுத சத்தம் கேட்டுச்சு. பதினாலு நாள் கழிச்சு கதவத் திறந்து பாத்தா, தகரம் நின்ன இடத்துல சுவர் நிக்கி. விடுதிக்கார சங்கரபாண்டிதான் சமயம் பாத்துக் கட்டிட்டான்னு எல்லாரும் சொன்னாவ." அவள் எதிர் வீட்டுக் கதவைப் பார்த்தாள். அது மூடியிருந்தது. "எங்க வீட்டு சீக்காலதான் சந்தே போச்சுன்னு மத்த பத்து வீட்டு ஆளுவளும் முகம் கொடுத்துப் பேசதில்ல. எதிர்வீட்டு மிஸ்ரியா நிக்காஹ்வுக்குக்கூட எங்களச் சொல்லல. அவ எங்கிட்ட வளந்த பிள்ள."

இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது. காஜாவுக்கு அந்தச் சுவரை அப்போதே தலையால் முட்ட வேண்டும் போலிருந்தது.

சுகந்தி சுவரின் இந்தப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்தாள். எதிர்பார்த்தபடி குதிகால்கள் இரண்டும் இங்கே இருந்தன. அவள் கவனித்தது வேறு. மெயின் ரோட்டுப் பக்கம் சுவர் வழவழவென்று பூசியிருந்தது. இந்தப் பக்கம் கல்லுக்குக் கல் நடுவே கலவை பிதுங்கி, வழிந்து, அப்படியே காய்ந்து கிடந்தது.

"கொத்தன் சரியான சோம்பேறி" என்றான் காஜா.

"சோம்பேறி இல்ல, பயந்தாங்கொள்ளி. கட்டி முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் ஒரு எட்டுகூட வைக்கல. சங்கரபாண்டி கூட நின்னு கட்டியிருந்தா, ரெண்டு பக்கமும் வழிச்சுவிடாம கூலி கொடுத்திருப்பாரா?"

பிறகு பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்தாள். சுவரின் அடிக்கல்லுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடுக்கில் நுழைத்தாள். ஸ்கேல் நாலு அங்குலம் உள்ளே போனது. வெளியே இழுத்து அதன் நுனியைப் பார்த்தாள். வெள்ளைப் பெயிண்ட் துகள் ஒட்டியிருந்தது.

"என்னக்கா?"

"பிறகு சொல்லுதேன். வா, விடுதிக்குப் போவோம்."

*

சங்கரபாண்டியின் விடுதி சந்தின் வாயை ஒட்டியே இருந்தது. வில்லனைப் பார்க்கப் போகிறோம் என்று காஜா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். ஆனால் வாசலிலேயே அவன் வேகம் குறைந்தது. கேட்டில் எலுமிச்சையும் மிளகாயும். கேட்டுத் தூணில் நாக்கைத் தொங்கவிட்ட பூத முகம். சுற்றுச்சுவரின் நாலு மூலையிலும் பூசணிக்காய். கார் ஷெட்டில் படிகாரம். கழிவறைச் சுவரில்கூட ஒரு சின்னப் பூத முகம்.

"இவரு வீட்டுக்குக் கண்ணு போடணும்னா டோக்கன் வாங்கணும் போல" என்றான் காஜா.

சங்கரபாண்டி வேட்டியும் பனியனுமாக வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கோபப்படுவார் என்று காஜா தயாராக இருந்தான். அவர் அழாத குறையாகப் பேசினார்.

"என் சுவரா? எம்மா, நான் ஊரடங்குல வாசுதேவநல்லூர்ல மாமனார் வீட்டுல மாட்டிக்கிட்டேன். செப்டம்பர்ல திரும்பி வந்தா இது நிக்கி. என் டூரிஸ்ட் பஸ் திரும்புறதே அந்த சந்து வாயிலதான். ரெண்டு சீசனா பஸ்ஸு மெயின் ரோட்டுல நின்னு ஆள எறக்கிட்டுப் போவுது. எடுங்கய்யா எடுங்கய்யான்னு ஏழு மனு கொடுத்திருக்கேன்."

"தெரியும் அண்ணாச்சி" என்றாள் சுகந்தி. "கழிவறைக்கே திருஷ்டி பொம்மை வச்சவிய நீங்க. உங்க சுவரா இருந்தா அத அம்மணமா நிக்க விட்டிருப்பியளா?"

சங்கரபாண்டி இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். உள்ளே போய், மனுக்களுக்கு வந்த பதிலைக் கொண்டுவந்தார். 2020 அக்டோபர் தேதி. "மேற்படி கட்டுமானம் நோய்த்தடுப்பு நடவடிக்கை சார்ந்தது. சுகாதாரத் துறையை அணுகவும்."

காஜா இரண்டு கடிதங்களையும் பைக்கின் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒரே ஆபீஸ், ஒரே முத்திரை. சந்துக்காரர்களிடம் சுவர் விடுதிக்காரருடையது என்றது ஒன்று. விடுதிக்காரரிடம் சுவர் நோய்த்தடுப்பு என்றது இன்னொன்று. இரண்டு பக்கத்து ஆட்களும் இரண்டு வருடமாக ஒருவரையொருவர் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய கடிதத்தை மற்றவர் வாங்கிப் பார்க்கவில்லை என்பதுதான் அந்த ஆபீசின் அதிர்ஷ்டம்.

"யாரு சுவர்தான்க்கா அது?"

"யாருக்கும் வேண்டாத சுவர். அப்படிச் சுவரக் கட்டக்கூடிய ஆளு ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான் உண்டு."

*

பேரூராட்சி அலுவலக வாசலில், காலால் மிதித்துக் கை கழுவும் இரும்புத் தொட்டி இன்னும் நின்றது. அதில் இப்போது துளசி வளர்ந்தது. தலைமை எழுத்தர் ஜாய் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே மாட்டியிருந்தாள். நாளைய கூட்டத்துக்கு அஜெண்டா தைத்துக்கொண்டிருந்தாள். மணி நாலரை.

சுகந்தி வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மேடம், தகரம் எத்தன தடவ பறந்துச்சு?"

ஜாயின் கையில் இருந்த ஊசி நின்றது. அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு, இரண்டு வருடமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி நாற்காலியைக் காட்டினாள்.

"மூணு தடவ. இந்த ஊரு ஆனிக் காத்தப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? முதல் தகரம் வாய்க்கால்ல கிடந்துச்சு. ரெண்டாவது ரேஷன் கடை மாடியில. மூணாவது பறந்து வந்து எங்க செயல் அலுவலர் ஈ.ஓ. சார் ஜீப்பு மேலயே உழுந்துச்சு. சாருக்கு ஆத்திரம் வந்துட்டு. எந்தக் காத்துக்கும் அசையாத மாதிரி ஒரு தடுப்பு வைன்னாரு. கொத்தனார வரவழைச்சு ஒரே நாள்ல சுவர் எழுப்பியாச்சு. நான் அப்பவே சொன்னேன், பதினாலு நாளைக்கு எதுக்கு சார் சுவருன்னு. பதினாலு நாள் கழிச்சு இடிச்சுருவோம்மா, அதுக்குத்தான அஸ்திவாரம் தோண்டலன்னாரு."

காஜா சுகந்தியைப் பார்த்தான். ஸ்கேல் நாலு அங்குலம் உள்ளே போனது அவனுக்கு இப்போது புரிந்தது. பள்ளம் வெட்டியிருந்தால் அந்தப் பெயிண்ட் உடைந்து போயிருக்கும். சுவர் ரோட்டின் மேல் சும்மா நிற்கிறது.

"பிறகு ஏன் இடிக்கல?"

"கொத்தனாருக்கு ஊரு வீரகேரளம்புதூர். பதினாலாம் நாள் அவன் தெருவ அடைச்சுட்டாவ. வர முடியல. மாவட்டத்துல இருந்து ஒரு படிவம். தடுப்பு அகற்றப்பட்டதா, ஆம், இல்லை. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். இல்லைன்னு எழுதினா சந்த திறக்க முடியாது, அந்தப் பிள்ளைகளு இன்னும் பதினாலு நாள் உள்ள கிடக்கணும். நாளைக்கு இடிச்சுரலாம்னு சொல்லி, ஆம்னு எழுதி அனுப்பினோம். மறுநா காலையில சாருக்கு டிரான்ஸ்ஃபர்."

"புது ஈ.ஓ.?"

"அவரு வீட்டுல இருந்தே வேலை பாத்தாரு. ஆகஸ்டுல தெருக் கணக்கு எடுக்கணும். வரி வசூல்காரர் போன தூக்கிக் காமிச்சுக்கிட்டே போனாரு, சாரு வீடியோவுல பாத்தாரு. இந்த எடம் வந்ததும், யார் சுவர் இதுன்னாரு. நம்ம தடுப்புத்தான் சார்னேன். நம்ம தடுப்ப அகற்றியாச்சுன்னு நம்மளே எழுதியிருக்கோமேன்னாரு. அப்ப வேற யாரோடதோ. பக்கத்துல விடுதி. அவரு பேர எழுதியாச்சு."

"ரெண்டாயிரத்துப் பதினெட்டு?"

"கொரோனாவுக்கு முந்தின வருசமா ஏதாவது ஒண்ண போடுங்கன்னாரு." ஜாய் தலையைக் குனிந்துகொண்டாள். "அக்டோபர்ல அவரு லீவு. பொறுப்புல இருந்தவரு பழைய ஃபைல பாத்து நோய்த்தடுப்புன்னு பதில் போட்டுட்டாரு. என் தப்புதான். நான் வாயத் திறந்திருக்கணும். பயந்துட்டேன்."

காஜாவால் பொறுக்க முடியவில்லை. "மேடம், ஒரு மனுசன் வாய்க்கால்ல விழுந்து எந்திச்சிருக்காரு. நாளைக்கு மறுபடியும் அந்தக் கரை வழிதான் போணும். இடிக்க ஒரு உத்தரவு போடுங்க."

"யாரு தம்பி போட முடியும்? இடிக்க உத்தரவு போட்டா சுவர் இருக்குன்னு ஆகும். சுவர் இருந்தா அன்னைக்கு ஆம்னு எழுதினது பொய்யின்னு ஆகும். எந்த ஆபீசர் கையெழுத்துப் போடுவாரு?"

"உத்தரவெல்லாம் வேண்டாம் மேடம்" என்றாள் சுகந்தி. "அன்னைக்கு அனுப்பின அந்தப் படிவத்துக்கு உண்மை நகல் ஒண்ணு, முத்திரை வச்சுக் கொடுங்க. போதும்."

ஜாய்க்கு நம்ப முடியவில்லை. இவ்வளவுதானா என்று மலர்ந்து, ஒரு முத்திரைக்கு இரண்டு முத்திரையாகக் குத்திக் கொடுத்தாள். காஜாவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. வழி நெடுகப் பேசாமல் வண்டி ஓட்டினான். அவன் பேசாமல் வந்தது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

*

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. மெயின் ரோட்டில், சுவருக்கு வெளிப்பக்கம், ஒரு ஆட்டோ வந்து நின்றது. சுகந்தி சொல்லி வரவழைத்தது. சங்கரபாண்டி ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்து, சுவரை நோக்கி மூன்று தடவை சுற்றி, நசுக்கித் தூரப் போட்டார். காஜாவும் சுகந்தியும் கடப்பாரையோடு கரையைச் சுற்றி உள்ளே போனார்கள். சத்தம் கேட்டுப் பத்து வீட்டுக் கதவுகளும் ஒருச்சாய்த்துத் திறந்தன. யாரும் வெளியே வரவில்லை.

"போலீசு வருமாம்மா?" என்றாள் ஜாஹிரா பீவி. "திரும்பவும் ஷார்ஜா போய்க் கிடக்கிற எம் மவனுக்கு ஒண்ணும் ஆகாதே?"

சுகந்தி நகலைப் பிரித்து, எல்லாக் கதவுக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"இருபத்திரண்டு ஏழு இரண்டாயிரத்து இருபது மாலை ஐந்து மணியளவில், பாவடிச் சந்தில் அமைக்கப்பட்டிருந்த தடுப்பு முற்றிலும் அகற்றப்பட்டு, மேற்படி சந்து பொதுமக்கள் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது என்று சான்றளிக்கப்படுகிறது."

காஜா இதைக் கேட்டபடி நின்றான். பிறகு மெதுவாக அவன் வாய் திறந்தது.

"யக்கா. சர்க்கார் கணக்குப்படி இங்கன சுவரே இல்ல."

"இல்ல. சங்கரபாண்டி அண்ணாச்சியும் தன்னோடது இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டாரு. இல்லாத சுவர யாரு இடிச்சான்னு யாரு கேஸ் போடுவா? அதோட, சந்துன்னு ஒண்ணு இருக்கு, பொதுமக்கள் போற வழின்னு அவங்களே முத்திரை குத்தியிருக்காவ. ரெண்டு தடவ."

காஜா கடப்பாரையை அடிக்கல்லுக்குக் கீழே கொடுத்து நெம்பினான். சுவர் ஒரு தடவை முனகியது. தோளைக் கொடுத்துத் தள்ளினான். அசைந்தது, விழவில்லை. அண்ணாச்சியையும் ஆட்டோவையும் தள்ளி நிற்கச் சொல்லி அந்தப் பக்கம் கத்திவிட்டு மறுபடி தள்ளினான்.

எதிர் வீட்டுக் கதவு முழுசாகத் திறந்தது. மிஸ்ரியா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். ஜாஹிரா பீவியின் பக்கத்தில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல், இரண்டு கையையும் சுவரில் வைத்தாள்.

"சும்மா பாத்துக்கிட்டு நிக்கிய மாமி? தள்ளுங்க."

ஜாஹிரா பீவி தள்ளினாள். பின்னாலேயே மற்ற ஒன்பது வீடுகளும் வந்தன. பதினான்கு நாளைக்கென்று கட்டிய சுவர், இரண்டு வருடம் நின்ற அசதியில், மொத்தமாக மெயின் ரோட்டுப் பக்கம் சாய்ந்தது.

புழுதி அடங்கும் முன்னே காஜாவின் போன் அடித்தது. ஜாய்.

"தம்பி, பாவடிச் சந்துப் பக்கம் பெரிய சத்தம் கேட்டுச்சுன்னு எனக்கு அஞ்சு போன் வந்துட்டு. அங்கன என்ன நடக்குது?"

"ஒண்ணுமில்ல மேடம். ரெண்டு வருசத்துக்கு முன்னால நீங்க எடுத்த சுவர, இப்ப ஓரமா ஒதுக்கி வைக்கோம்."

 ஜாயின் குரல் தாழ்ந்து வந்தது. "அப்ப பட்டியல்ல சந்த சேத்துரவா? பதினோரு மணிக்குள்ள தட்டச்சு பண்ணிருவேன்."

"சந்து எப்பவும் இங்கனதான மேடம் இருந்துச்சு."

கல்லை ஒதுக்கி வழி செய்ததும் ஆட்டோ பின்பக்கமாகச் சந்துக்குள் வந்தது. சலீம் வீட்டு வாசலில் நின்றது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் தன் வாசலில் வண்டி ஏறினார். ஜாஹிரா பீவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மிஸ்ரியா அவள் தோளைப் பிடித்து உள்ளே ஏற்றிவிட்டாள்.

சந்து வாயில் சலீம் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். சுவர் நின்ற இடத்தில் வட்டம் இப்போது முழுசாக இருந்தது. விரலும் குதிகாலும் வெயில் பட்டு மங்கியிருந்தன. சுவருக்கு அடியில் இருந்த நடுப் பாதம் மட்டும் நேற்றுப் போட்டது போல வெள்ளையாக இருந்தது.

"உள்ள நின்ன ஆளு வெளிய வந்துட்டான் மாமா" என்றான் காஜா.

சலீம் எட்டிப் பார்த்தார். "நல்ல மனுசன். ரெண்டு வருசமா எனக்கு எடம் பிடிச்சு வச்சுக்கிட்டு நின்னிருக்கான்" என்றார். பிறகு டிரைவரின் முதுகில் தட்டினார். ஆட்டோ மெயின் ரோட்டில் ஏறித் தென்காசிப் பக்கம் திரும்பியது. ஏழு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.